கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்: பார்த்தியா, கேட்டியா, எவனாச்சும் சொன்னானா?

போன இதழ்ல ஒரு ஓரத்துல நாலே நாலு வரி எழுதியிருந்தேன், பிரேசில் அமேசான் காட்டுல தரியானானு ஒரு பாஷை இருக்கு, பேசுறவங்க மொத்தமே ஏறக்குறைய 100 பேர்தான், அதுல 'பையன் பந்து ஆடினான்'னு சும்மா சொல்லிட்டு எந்திரிச்சு போக முடியாது, அது உனக்கு எப்படி தெரியும்னும் சேர்த்து சொன்னாதான் வாக்கியமே முடியும், அத அஞ்சு விதமா சொல்லலாம்னு. நிஜத்த சொல்லணும்னா பக்கத்துல இடம் மிச்சம் இருந்துச்சு, அத ரொப்புறதுக்காக எழுதினது. ஆனா அதுக்கு வாட்ஸப்ல வந்து குவிஞ்ச கேள்விய பார்த்தா சினிமா கிசுகிசுவுக்கு கூட இவ்ளோ வரல. அதனால இந்த தடவை முழுக்க இதேதான், ஹீரோயின் கல்யாணம் எப்போனு கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

கேள்வி: அண்ணே, அஞ்சு விதமா சொல்லலாம்னு எழுதிட்டு அந்த அஞ்சும் என்னனு சொல்லாமயே முடிச்சிட்டீங்களே? (வியாசர்பாடியிலிருந்து ஒரு கால்பந்து தம்பி)

தப்பு என்னோடதுதான் தம்பி. வா, உன் ஏரியாவுலயே வச்சு பாப்போம். ஜுஸேனு ஒரு பையன், நம்ம ஊரு ஜோசப் மாதிரினு வச்சுக்கோ. கால்பந்துக்கு அவங்க பாஷையில 'இரிதா'. 'டிமனிக'னா அவன் விளையாடுறது, அதுல முன்னாடி நிக்கிற 'டி'தான் 'அவன்'. நாம 'ஆடினான்'ல அந்த 'ஆன்'ன வால்ல கட்டுறோம், அவங்க தலையில கட்டுறாங்க, அவ்ளோதான். இதுவரைக்கும் பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல, விஷயம் எல்லாம் வால்லதான் இருக்கு.

நீ கிரவுண்டு சுவத்து மேல உக்காந்து அவன் ஆடுறத கண்ணால பார்த்தேனா 'ஜுஸே இரிதா டிமனிக-கா'. அதே சுவத்துக்கு வெளிப்பக்கமா நடந்து போற, உள்ள பந்த உதைக்கிற சத்தமும் 'பாஸ் குடுறா'னு அவன் கத்துறதும் மட்டும் காதுல விழுதுனா 'டிமனிக-மஹ்கா'. அவன் வீட்டுக்கு போற, வாசல்ல அவன் ஷூ சேறு அப்பிக்கிட்டு ஈரமா கெடக்கு, ஆள் பாத்ரூம்ல, அப்ப 'டிமனிக-நிஹ்கா'. நீ எதையும் பார்க்கல, கேக்கல, ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமைனா அவன் ஆடாம இருக்கவே மாட்டான், அந்த தைரியத்துல சொன்னா 'டிமனிக-சிகா'. இது எதுவுமே இல்ல, அவன் தங்கச்சி சொன்னா, நீ எனக்கு சொல்ற, அப்ப 'டிமனிக-பிடகா'.

இதுல எதையாவது ஒண்ண நீ தேர்ந்தெடுத்தே ஆகணும், 'நான் எதுவும் போடாம சொல்றேன்'ங்கிற பேச்சே கிடையாது. இன்னொண்ணு, இந்த அஞ்சும் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி, சமீபத்துல நடந்ததுக்கு. ரொம்ப காலத்துக்கு முன்னாடி நடந்ததுனா வால் மாறிடும், பார்த்ததுக்கு 'நா', கேட்டதுக்கு 'ம்ஹனா', யாரோ சொன்னதுக்கு 'பிடனா'. தாத்தா காலத்து கதை எல்லாம் இந்த பிடனாவுலதான் ஓடும், நம்ம பாட்டி 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம், அவருக்கு ஏழு பொண்ணாம்'னு இழுப்பாங்களே, அந்த 'ஆம்' மாதிரி. இப்ப இந்த நிமிஷம் நடக்கிறதுக்கு வேற வால்.

கேள்வி: 'வந்தானாம்'னு தமிழ்லயே இருக்கே, இத போய் அமேசான் அதிசயம்னு எழுதணுமா? (கொளத்தூர், தமிழ் டீச்சர்)

டீச்சர் கேட்டதும் ஸ்கூல் பெஞ்சு மேல ஏறி நின்ன மாதிரி ஆயிடுச்சு எனக்கு. நீங்க சொல்றது சரிதான், நம்மகிட்டயும் இருக்கு, நாமதான் கவனிக்கிறதில்ல. மழைய எடுத்துக்குங்க. பால்கனியில நின்னு பார்த்தா 'மழை பெஞ்சுது'. காலையில கோலம் போட வந்தா வாசல் நனைஞ்சு கெடக்கு, 'ராத்திரி பெஞ்சிருக்கு'. ஐப்பசி மாசம், பொன்னேரியில இருக்கிற அக்கா வீட்ட நெனச்சுக்கிட்டு 'அங்கயும் பெஞ்சிருக்கும்'. போன்ல யாரோ சொன்னத வச்சு 'தாம்பரத்துல செம மழையாம்'. அதாவது கா, நிஹ்கா, சிகா, பிடகா நாலும் நம்ம வாயில தெனமும் வந்துட்டு போகுது. மஹ்காவுக்குதான் நம்மகிட்ட தனியா ஒண்ணும் இல்ல, 'ஓட்டு மேல சத்தம் கேக்குது, பெய்யுது போல'னு சுத்தி வளைச்சுதான் சொல்லணும்.

ஆனா நமக்கு அது இஷ்டம், அவங்களுக்கு கட்டாயம். நாம 'தாம்பரத்துல மழை பெஞ்சுது'னு அடிச்சு விட்டா இலக்கணப்படி எந்த குத்தமும் இல்ல, யாரும் கேக்க மாட்டாங்க. அவங்க ஊர்ல அது பாதி வாக்கியம். நம்ம பாஷையில எது கட்டாயம்னா வந்தது யாருங்கிறது. 'வந்த்'னு சொல்லிட்டு நிறுத்த முடியுமா, வந்தான், வந்தா, வந்தாங்க, வந்துச்சுனு எதையாவது போட்டுதான ஆகணும்? இங்கிலீஷ்காரனுக்கு அந்த கவலை கெடையாது, எல்லாத்துக்கும் ஒரே 'கேம்' (came). அவன் நம்மள பார்த்து 'ஒவ்வொரு தடவையும் ஆணா பொண்ணா, பெரியவங்களா சின்னவங்களானு யோசிச்சுக்கிட்டேவா பேசுவீங்க'னு வாய பொளப்பான். தரியானாக்காரங்க விஷயத்துல நாமளும் அப்படித்தான் வாய பொளக்கிறோம்.

இது இஷ்டமா இருக்கிறதால என்ன நஷ்டம்னு கேட்டா என் சொந்த கதைய சொல்றேன். 2019 கோடை ஞாபகம் இருக்கா, ஏரி எல்லாம் வறண்டு ஊரே கொடத்த தூக்கிக்கிட்டு அலைஞ்சுச்சே. நாங்க மூணாவது மாடி, லிஃப்ட் கெடையாது. ஒரு நாள் மத்தியானம் கீழ் வீட்டு அக்கா 'லாரி வந்துருச்சூ'னு ஒரு சத்தம் போட்டாங்க. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் எச்ச கையோட ரெண்டு கொடத்த தூக்கிக்கிட்டு செருப்பு கூட போடாம மூணு மாடியும் எறங்கி தெருவுக்கு ஓடினா, லாரி நிக்குது, வாஸ்தவம்தான், செங்கல் லாரி. நாலாவது வீட்ல கட்டடம் கட்டுறாங்க. அக்கா வீட்டுக்குள்ள இருந்தபடியே ஹாரன் சத்தத்த மட்டும் கேட்டுருக்காங்க. 'வந்துருச்சு போல'னு ஒரு 'போல' போட்டிருந்தா நான் சோத்த முடிச்சிட்டு எறங்கியிருப்பேன்ல? தரியானா பேசுற அக்காவா இருந்தா மஹ்கா போடாம வாயே தெறந்திருக்க முடியாது.

கேள்வி: அப்போ அந்த பாஷையில பொய்யே சொல்ல முடியாதா சார்? (பாரிமுனை, வக்கீல் குமாஸ்தா)

அதெல்லாம் தாராளமா சொல்லலாம், நீங்க கவலைப்படாதீங்க, தொழில் பாதிக்காது. சொல்லப்போனா நமக்கு ஒரு வழி, அவங்களுக்கு ரெண்டு வழி. நடக்காதத நடந்துச்சுனு சொல்றது ஒண்ணு, நடந்தத பார்க்காமயே 'கா' போட்டு பார்த்த மாதிரி சொல்றது இன்னொண்ணு. ரெண்டாவது நம்ம ஊர்ல பொய்னே யாரும் நெனைக்கிறதில்ல, அங்க அது பொய்தான்.

உங்களுக்கு இது புதுசு இல்லையே, 1872ஆம் வருஷத்து சாட்சிய சட்டம் 60ஆவது பிரிவ ஒரு தடவை நெனச்சு பாருங்க. வாய்மொழி சாட்சி நேரடியா இருக்கணும், கண்ணால பார்க்கக்கூடிய விஷயம்னா பார்த்தவரே வந்து 'நான் பார்த்தேன்'னு சொல்லணும், காதால கேக்கிற விஷயம்னா கேட்டவரே வந்து சொல்லணும், வேற புலனால உணர்ற விஷயம்னா உணர்ந்தவரே. 2024 ஜூலையில அந்த சட்டத்துக்கு புது பேரு புது நம்பர் எல்லாம் வந்துருச்சு, ஆனா இந்த சங்கதி நம்ம கோர்ட்டுக்கு பழசு. நாம கூண்டுல ஏறினா மட்டும் கடைப்பிடிக்கிறத அவங்க மீன் குழம்பு வைக்கும்போதும் கடைப்பிடிக்கிறாங்க.

இதனாலயே அந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க பொய் பேசுறவங்கனு ஒரு அபிப்பிராயம் உண்டு. போர்ச்சுகீசுல எதையும் எப்படி தெரியும்னு சொல்லாம பேசலாம்ல, அது இவங்க காதுக்கு எதையோ மறைக்கிற மாதிரி கேக்குது. இவங்களே போர்ச்சுகீசு பேசும்போது பழக்க தோஷத்துல 'நான் பார்த்தேன்', 'என்கிட்ட ஆதாரம் இருக்கு', 'அப்படினு சொல்றாங்க'னு ஒவ்வொரு வாக்கியத்துலயும் ஒட்டு போட்டுக்கிட்டே போவாங்களாம். ஆங், 'களாம்' போட்டுட்டேன் பாருங்க, சரியாத்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: பார்க்கிறது கேக்கிறது சரி, மூக்கு என்ன பாவம் பண்ணுச்சு? பக்கத்து வீட்டு கருவாட்டு வாசனைக்கு எத போடுவாங்க? (சைதாப்பேட்டை, இல்லத்தரசி)

அக்கா, அதுக்கும் கேட்டதுக்கு போடுற அதே வால்தான். கண்ணத் தவிர மத்த எல்லாமே ஒரு கட்சி. வாசனை, ருசி, தொட்டு தெரிஞ்சுக்கிறது, வயித்து வலி, பசி, மனசுல சங்கடம், எல்லாம். வலி உங்களோடதுதான், ஆனா அத நீங்க பார்க்கலையே.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஒண்ணு இருக்கு. தன்ன மீறி தவறுதலா நடந்துட்ட காரியத்துக்கும் இதையே போடுவாங்க. நாம 'தட்ட ஒடைச்சேன்'னு சொல்றதுக்கும் 'கை பட்டு ஒடைஞ்சிருச்சு'னு சொல்றதுக்கும் இருக்கிற வித்தியாசம் மாதிரி. கனவுக்கும் அப்படித்தான், சாதாரண ஆளோட கனவுக்கு பார்க்காத கணக்கு. ஆனா அந்த ஊரு மந்திரவாதி, வைத்தியர், குறி சொல்றவர் எல்லாம் சேர்ந்த ஒருத்தர் இருப்பாரு, அவர் கண்ட கனவுக்கு பார்த்த கணக்கு, 'கா'தான். அவர் நெசமாவே பார்க்கிறவரு, நாம உருட்டுறவங்க.

கேள்வி: அந்த மொழியோட ஒலிகள் எப்படி இருக்கும்? நாம முயற்சி பண்ணா வருமா? (மயிலாப்பூர், பாட்டு கத்துக்கிற மாணவி)

பாட்டு கத்துக்கிறவங்களுக்கு கண்டிப்பா வரும். மொதல்ல நம்ம எழுத்தோட பிரச்சினைய சொல்லிடறேன். தரியானாவுல 'த' பல விதம், நம்ம 'தம்பி'ல வர்றது ஒண்ணு, 'பந்து'ல வர்றது ஒண்ணு, 'த'வ சொல்லிட்டு கூடவே ஒரு மூச்சு காத்த ஊதி விடுறது ஒண்ணு. நமக்கு மொத ரெண்டும் வாயில இருக்கு, எழுத்துல ஒண்ணேதான், நாம எடத்த பார்த்து படிச்சுக்குவோம். அவங்களுக்கு எடத்த பார்த்து படிக்கிற வசதி இல்ல, மாத்தி சொன்னா வார்த்தையே மாறிடும். மேல நான் 'டி'னு எழுதினது கூட நம்ம நாக்க மடிக்கிற 'டி' இல்ல, பந்து 'த'தான், 'தி'னு எழுதினா 'திருடன்' மாதிரி படிச்சிருவீங்கனு பயந்து அப்படி போட்டேன்.

அப்புறம் மூச்சு விடுற மூக்கொலி. 'காப்பி வேணுமா'னு கேட்டா 'ம்ஹும்'னு தலையாட்டுறோம்ல, அதுல ம்முக்கும் ஹவுக்கும் நடுவுல என்ன நடக்குதுனு மெதுவா சொல்லி பாருங்க, வாய் மூடியிருக்கும், மூக்கு வழியா காத்து வரும். தரியானாவுல இந்த ம்ஹ முழுசா ஒரு மெய்யெழுத்து, வார்த்தைக்குள்ள சாதாரண 'ம' மாதிரி உக்காந்திருக்கும், 'ந'வுக்கும் 'ஞ'வுக்கும் இதே மாதிரி ஜோடி உண்டு. இப்ப நடக்கிறத பார்க்காம கேட்டு சொல்றதுக்கான வால் 'ம்ஹா', அதாவது 'எனக்கு காதுல விழுது'னு சொல்ற அடையாளமே இந்த மூச்சு சத்தத்துலதான் இருக்கு.

அவங்க பக்கத்துல துகானோ, துயூகா மாதிரி வேற குடும்பத்து பாஷைங்க இருக்கு. அங்க மூக்கு இன்னும் ஒரு படி மேல. துயூகாவுல மூக்கொலி ஒரு எழுத்துக்கு சொந்தம் இல்ல, சொல்லோட முழு துண்டுக்கும் சொந்தம். ஒரு துண்டு மூக்கு ஜாதினா அதுல இருக்கிற உயிரெழுத்து எல்லாம் மூக்கு வழியா வரும், 'ப'வோட கனத்த சத்தம் 'ம' ஆயிடும், பந்து 'த' 'ந' ஆயிடும். சளி புடிச்ச மாதிரி இருக்கும்னு நெனைக்காதீங்க, நாமளே பண்றோம், 'மரம்', 'பணம்'னு எழுதுறோமே தவிர பேசும்போது கடைசி ம்ம வாய மூடி சொல்றோமா? மூக்குல ஒரு 'ஓ' மாதிரி விட்டுட்டு போயிடறோம். 'வந்தான்'லயும் கடைசி ன் பாதி மூக்குலதான் போகுது. அந்த பாஷைங்களுக்கு ஆறாவதா ஒரு உயிரெழுத்து உண்டு, உதட்ட குவிக்காம சொல்ற உ. 'பாட்டு', 'காது'னு சொல்லும்போது கடைசியில வருதே நம்ம குற்றியலுகரம், ஏறக்குறைய அதுதான். இங்கிலீஷ்காரனுக்கு ஒரு மாசம் பயிற்சி வேணும், உங்களுக்கு ஓசியில வந்துரும்.

கேள்வி: அமேசான் பழங்குடிகளின் உறவுமுறைக்கு 'திராவிட முறை' என்றே பெயராமே! அப்படியானால் லெமூரியா உண்மைதானே? (வேளச்சேரி, ஐடி ஊழியர்)

பேரு உண்மை தம்பி, லெமூரியாதான் இல்ல. விஷயம் என்னனா அப்பாவோட அண்ணன் தம்பி பசங்க நமக்கு அண்ணன் தங்கச்சி, ஆனா மாமா பொண்ணு அத்த பையன்னா மொறை, கட்டிக்கலாம். இந்த கணக்கு அமேசான்ல நெறைய எடத்துல அப்படியே இருக்கு, அதுலயும் தரியானாக்காரங்க இருக்கிற வாவ்பெஸ் ஆத்துப் பக்கம். மானுடவியல்காரங்க இந்த கணக்க மொதல்ல நல்லா அலசினது தென்னிந்தியாவ வச்சு, அதனால உலகத்துல எங்க இந்த கணக்கு இருந்தாலும் 'திராவிட' மாதிரினு பேரு வச்சுட்டாங்க. மெட்ராஸ் செக்னு துணிக்கு பேரு இருக்கிறதுக்காக அத போட்டவன் எல்லாம் மெட்ராஸ்காரன் ஆயிடுவானா?

உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் இதே பள்ளத்துல விழுந்துட்டாரு, அதனால வெக்கப்படாதீங்க. லூயிஸ் ஹென்றி மோர்கன்னு அமெரிக்காக்காரர், ஊர் ஊரா உறவுமுறை பேரா கேட்டு வாங்கி 1871ல பெரிய புத்தகமா போட்டாரு. வட அமெரிக்காவுல இருந்த இரோகுவா மக்களோட முறையையும் பாதிரிமாருங்க அனுப்பி வச்ச நம்ம தமிழ் முறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்துட்டு, அடடா ரெண்டும் ஒண்ணா இருக்கே, அப்ப செவ்விந்தியர் ஆசியாவுல இருந்துதான் வந்திருக்கணும்னு முடிவு கட்டிட்டாரு. ஆசியாவுல இருந்து வந்தது நெசமாவே சரிதான், ஆனா அதுக்கு மாமா பொண்ணு ஆதாரம் ஆகாது. ரெண்டு ஊர்ல தனித்தனியா யோசிச்சும் ஒரே கணக்குக்கு வரலாம்.

வாவ்பெஸ்ல இதுக்கு மேல ஒரு கண்டிஷன் உண்டு, அதுதான் எனக்கு ஆச்சரியம். உன் பாஷை பேசுறவங்கள நீ கட்டக்கூடாது. ஒரே பாஷைனா ஒரே ரத்தம், அண்ணன் தங்கச்சி. நம்ம ஊர்ல ஒரே கோத்திரத்துல பண்ண மாட்டோம்னு சொல்றவங்க இருக்காங்கள்ல, அங்க கோத்திரமே பாஷைதான். தரியானா பையன் துகானோ பொண்ணயோ வேற பாஷை பொண்ணயோதான் கட்டணும். அதனால ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு பாஷைக்கு கொறையாது, ஊர்ல நாலஞ்சு ஓடும், பசங்க எல்லாத்தையும் சர்வசாதாரணமா பேசும்.

கேள்வி: இவ்வளவு மொழி கலந்து வாழ்ந்தால் கலப்படம் ஆகிவிடாதா? நம் சென்னைத் தமிழ் மாதிரி? (அண்ணா நகர், தனித்தமிழ் ஆர்வலர்)

ஐயா, என் எழுத்த படிச்சு எத்தனை தடவை பல்ல கடிச்சிருப்பீங்கனு தெரியும், மன்னிச்சுக்குங்க. உங்க கட்சிக்காரங்கதான் அங்க எல்லாருமே. ஒரு பாஷை பேசும்போது நடுவுல இன்னொரு பாஷை வார்த்தைய போட்டா கேலி பண்ணியே கொன்னுடுவாங்க, தன் அப்பன் பாஷை கூட ஒழுங்கா தெரியாதவன்னு பேராயிடும். அதனால தரியானாவுல துகானோ வார்த்தை ரொம்ப கம்மி.

ஆனா பாருங்க, வாசல்ல காவல் போட்டாங்க, கொல்லைப்பக்கம் தெறந்து கெடந்துச்சு. தரியானா அராவாக்னு ஒரு மொழிக் குடும்பத்த சேர்ந்தது, அதோட நெருங்கின சொந்தம் பனிவானு ஒரு பாஷை, அதுல இந்த அஞ்சு வால் சமாசாரம் கிடையாது. அஞ்சு வாலும் பக்கத்து வீட்டு துகானோ குடும்பத்தோட சொத்து. தரியானாக்காரங்க வார்த்தைய வாங்கல, வால வாங்கல, அந்த யோசனைய வாங்கிட்டு தன்கிட்ட இருந்த பழைய துண்டு துணிய வச்சே அஞ்சு வாலையும் தைச்சுக்கிட்டாங்க. அலெக்சாண்ட்ரா ஐகென்வால்ட்னு ஒரு மொழியியல் அம்மா, ரஷ்யாவுல பொறந்து பிரேசில் போயி பிறகு ஆஸ்திரேலியாவுல இருக்கிறவங்க, 1990கள்ல இருந்து அந்த ஜனங்களோட பழகி தரியானாவோட இலக்கணத்த 2003ல பெரிய புத்தகமா கொண்டு வந்தாங்க, இதெல்லாம் வெளிய தெரிஞ்சது அவங்களாலதான்.

நம்ம நாட்லயும் நடந்திருக்கு. மகாராஷ்டிராவுல கர்நாடக எல்லை பக்கம் குப்வாட்னு ஒரு ஊரு, கன்னடம், மராத்தி, உருது பேசுறவங்க நூத்துக்கணக்கான வருஷமா ஒண்ணா இருக்காங்க. வார்த்தை அவங்கவங்களது, வாக்கியத்தோட எலும்பு கூடு மட்டும் எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒண்ணாயிடுச்சுனு 1971லயே எழுதி வச்சிருக்காங்க. நாம 'பஸ்'ஸ துரத்திட்டு 'பேருந்து' வச்சோம் ஐயா, நல்லதுதான், ஆனா நம்ம பேப்பர்ல வர்ற வாக்கியம் எத்தனை இங்கிலீஷ் நடை நடக்குதுனு ஒரு நாள் பொறுமையா பாருங்க. எனக்கு 'பஸ்'ஸ விட அதுதான் உறுத்துது.

கேள்வி: வீட்ல தெலுங்கு, வெளிய தமிழ், என் பேரன் ரெண்டும் இல்லாம இங்கிலீஷ். தரியானா எப்படி 100 பேருக்கு வந்து நின்னுச்சு? (பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வு பெற்ற அச்சகத் தொழிலாளி)

பெரியவரே, உங்க வீட்டு கதைதான், அளவு மட்டும் வேற. நாம தாய்மொழினு சொல்றோம்ல, வாவ்பெஸ்ல அது தந்தைமொழி. அப்பா பாஷைதான் உன் அடையாளம், உன் சாதி சனம் எல்லாம். ஆனா கொழந்த பகல் முழுக்க யார்கிட்ட இருக்கும்? அம்மாகிட்ட. அம்மா பேசுறது துகானோ. பழைய காலத்துல நீளமான பெரிய வீட்ல அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் ஒண்ணா இருந்தாங்க, கொழந்த காதுல அப்பா பாஷை நாள் பூரா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல சலேசிய பாதிரிமாருங்க அந்த பக்கம் வந்தாங்க, பெரிய வீட்ட கலைச்சு குடும்பத்துக்கு ஒரு குடிசைனு பிரிச்சாங்க, பசங்கள ஹாஸ்டல் ஸ்கூல்ல சேர்த்து ஊர் பாஷை பேசினா தண்டிச்சாங்க, இத்தனை பாஷை எதுக்கு, ஆளுக்கு ஒண்ணா போதும்னு துகானோவ தூக்கி விட்டாங்க. அப்பன்மாரு வேலை தேடி வெளியூர் போனது வேற. அவ்ளோதான், ரெண்டு தலைமுறையில அப்பா பாஷை பேருல மட்டும் நின்னுச்சு. தரியானானு தன்ன சொல்லிக்கிறவங்க இன்னிக்கும் நெறைய இருக்காங்க, பேசுறவங்கதான் ரெண்டு சின்ன கிராமத்துல ஒதுங்கிட்டாங்க.

அந்த பக்கத்துல பெரிய ஊரு சாவ் காப்ரியேல் த காஷ்வெய்ரா. அந்த நகராட்சி 2002ல போர்ச்சுகீசோட சேர்த்து நியெங்காத்து, துகானோ, பனிவா மூணையும் ஆட்சி மொழியா அறிவிச்சுது, பிரேசில்ல அதுதான் மொத தடவை. நல்ல காரியம்தான், ஆனா மூணுலயும் தரியானா இல்லனு கவனிச்சீங்களா? சின்னத முழுங்கினது பெரிய போர்ச்சுகீசு மட்டும் இல்ல, நடுத்தர துகானோவும்தான். உங்க பேரன் கதையில துகானோ யாருனு நான் சொல்ல வேண்டியதில்ல.

தென் அமெரிக்காவோட தெக்குக் கோடியில யாகன்னு ஒரு பாஷை, சிலி நாட்டு நவரினோ தீவுல. அத சின்ன வயசுல இருந்து பேசின கடைசி ஆள் கிறிஸ்தினா கால்தெரோன் பாட்டி 2022 பிப்ரவரியில 93 வயசுல போயிட்டாங்க. அவங்க கூட அந்த பாஷையில பேசிக்கிட்டு இருந்த சொந்தக்காரங்க 2005க்குள்ளயே போயாச்சு, அதுக்கப்புறம் 17 வருஷம் அந்தம்மா சரளமா பேசுறதுக்கு எதிர்ல ஆள் இல்லாம இருந்திருக்காங்க. இத டைப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

கேள்வி: எழுவாய் கடைசியில வர்ற பாஷை உண்டா? (திருவொற்றியூர், பத்தாம் வகுப்பு)

உண்டு. பிரேசில்லயே ஹிஷ்கரியானா. 'தோதோ யொனொயே கமாரா', அதாவது 'மனுஷன தின்னுச்சு புலி'. அந்த ஊரு புலி ஜாகுவார். இங்கிலீஷ் பழக்கத்துல இடது பக்கத்துல இருந்து படிச்சா மனுஷன் புலிய தின்ன மாதிரி ஆயிடும், உஷார். 1970கள்ல இத வெளிய சொன்னப்போ இப்படி ஒரு வரிசை உலகத்துலயே இருக்காதுனு நெனச்சுக்கிட்டு இருந்த அறிஞர்கள் கொஞ்சம் வழிஞ்சாங்க. நமக்கென்ன, 'ன', 'ஐ' எல்லாம் ஒட்டி வச்சிருக்கோம், புலிய எங்க வேணா கட்டலாம்.

கேள்வி: அந்த கண்டத்து பாஷையில இருந்து தமிழுக்கு ஒரு வார்த்தையாச்சும் வந்துருக்கா? (தி. நகர், பழக்கடை)

உங்க கடையிலயே தொங்குதே. அன்னாசி. தூப்பி, குவாரானி பேசுறவங்க அந்த பழத்த 'நனா'ன்னாங்க, போர்ச்சுகீசுக்காரன் 'அனனாஸ்' ஆக்கி கப்பல்ல ஏத்தினான், நாம அன்னாசி ஆக்கிட்டோம். தீபாவளிக்கு கிலோ கணக்குல விக்கிற காஜு கத்லியில இருக்கிற காஜுவும் தூப்பிதான்.

கேள்வி: இவ்ளோ விலாவாரியா எழுதுறீங்களே, நீங்க அங்க போயிருக்கீங்களா, ஒரு தரியானாக்காரரையாவது பார்த்திருக்கீங்களா? (பெரம்பூர், பேர் வேண்டாம் என்கிறார்)

பேர் வேணாம்னு சொல்லும்போதே நெனச்சேன். இல்லங்க. பாஸ்போர்ட்டே போன வருஷம்தான் எடுத்தேன், அதுவும் மச்சான் சிங்கப்பூருக்கு கூப்பிடுறேன் கூப்பிடுறேன்னு சொல்லி இன்னும் கூப்பிடல. அவங்க இலக்கணப்படி எழுதியிருந்தா மேல இருக்கிற அத்தனை வரிக்கும் வால்ல 'பிடகா', பழங்கதைக்கு 'பிடனா' போட்டுக்கிட்டே வந்திருக்கணும், சில எடத்துல 'சிகா'. ரெண்டு கொடத்தோட எச்ச கையோட தெருவுல நின்னு செங்கல் லாரிய பார்த்தேன்னு சொன்னேனே, அது ஒண்ணுதான் 'நா'.